ஒரு டைப்பைக் கொப்பி பண்ண முடியுமா? கொம்பைல் நேரத்திலேயே சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு மாடி அறையில் சனிக்கிழமைகளில் சி++ படிக்கிறோம். கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்தும் வருகிறார்கள், உவர்மலைப் பக்கம் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் செயற்றிட்டம் ஒன்றுதான்: மீன்பிடிப் படகில் உள்ள ஜீபிஎஸ் கருவியிலிருந்து இடத்தை வாசித்து, பயணத்தைப் பதிந்து வைக்கும் செய்நிரல். அதில் எந்தப் பகுதியை எழுதினாலும் கொப்பி பற்றிய சந்தேகம் ஒன்று முளைக்கிறது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன்.

உதாரணங்களுக்கு மூன்று டைப்புகள் போதும். இடம்: அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு டபிள் எண்கள் (திருகோணமலை என்றால் 8.57, 81.23). ஜீபிஎஸ்போர்ட்: கருவி இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது. பயணம்: வழியில் எழுதிய பதிவுகளின் பட்டியல். நூலகப் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். செய்நிரலில் அடிக்கும்போது சொற்களுக்கு இடையில் அடிக்கோடு வரும்.

"கொப்பி பண்ணுறது எண்டா என்ன அக்கா? பைதனில இதப் பற்றி யோசிச்சதே இல்லையே."

உயர்தரத்தில் பைதன் படித்துவிட்டு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பைதனில் ஒரு பட்டியலை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் பட்டியல் இரண்டாவதில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். சி++ அப்படியில்லை. ஓர் இடத்தை இன்னோர் இடத்துக்குக் கொடுத்தால் நினைவகத்தில் புதிதாக இரண்டு டபிள் எண்கள் எழுதப்படும். பிறகு ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

இதில் இரண்டு வேலைகள் உண்டு. இல்லாத பொருளை இன்னொன்றைப் பார்த்துப் புதிதாக உருவாக்குவது கொப்பி கொன்ஸ்ட்ரக்டரின் வேலை. ஏற்கெனவே இருக்கும் பொருளின் உள்ளடக்கத்தை மாற்றி எழுதுவது கொப்பி அசைன்மென்ட். இரண்டையும் நாம் எழுதாவிட்டால், உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கொப்பி பண்ணும் ஒரு வடிவத்தைக் கொம்பைலரே எழுதித் தரும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த உதவியால்தான் வருகிறது.

"சில டைப்பக் கொப்பி பண்ண ஏலாதெண்டு ஏன் வைக்கிறாங்க? வீண் இடைஞ்சல் தானே?"

காணி உறுதியைப் போட்டோகொப்பி எடுத்தால் காணி இரண்டாகாது. இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம், ஆனால் உரிமை ஒரு நேரத்தில் ஒரு கையில்தான். யுனிக் பொயின்டர் (ஒரு பொருளுக்குத் தனி உரிமையாளராக இருக்கும் பொயின்டர்), த்ரெட், ஃபைல் ஸ்ட்ரீம் எல்லாம் இந்த வகை. இவற்றை மூவ் பண்ணலாம், அதாவது உள்ளடக்கத்தை இன்னொரு பொருளுக்குக் கைமாற்றலாம், கொப்பி பண்ண முடியாது. த்ரெட்களுக்குப் பூட்டாக இருக்கும் மியூடெக்ஸை மூவ் பண்ணக்கூட முடியாது, ஏனென்றால் அதன் முகவரியை நம்பி வேறு த்ரெட்கள் காத்துக்கொண்டு நிற்கும்.

நம்முடைய ஜீபிஎஸ்போர்ட்டும் இப்படித்தான். படகில் கருவி ஒன்று, வயர் ஒன்று. இரண்டு பொருட்கள் ஒரே வயரில் வாசித்தால் கருவி அனுப்பும் என்எம்இஏ வடிவ வரியின் பாதி ஒன்றுக்கும் மீதி மற்றதற்கும் போய்விடும்.

"கொம்பைல் நேரத்தில எப்படிச் சோதிக்கிறது? சுருக்கமா ஒரு வரி சொல்லுங்க."

டைப் ட்ரெய்ட்ஸ் தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொண்டு (டைப்பைப் பற்றிக் கேட்டால் ஓம், இல்லை என்று பதில் தரும் சோதனைதான் ட்ரெய்ட்), டைப்பின் வரையறைக்குக் கீழே இப்படி எழுதுங்கள்:

ஸ்டாட்டிக்_அசேர்ட்(எஸ்டிடி::இஸ்_கொப்பி_கொன்ஸ்ட்ரக்டிபிள்_வி<இடம்>);
ஸ்டாட்டிக்_அசேர்ட்(!எஸ்டிடி::இஸ்_கொப்பி_கொன்ஸ்ட்ரக்டிபிள்_வி<ஜீபிஎஸ்போர்ட்>);

முதல் வரி "இடத்தைக் கொப்பி பண்ண முடிய வேண்டும்" என்கிறது. இரண்டாவது, ஆச்சரியக்குறியோடு, "போர்ட்டைக் கொப்பி பண்ண முடியக் கூடாது" என்கிறது. எது பொய்யானாலும் கொம்பைல் அந்த வரியிலேயே நின்றுவிடும். ஸ்டாட்டிக் அசேர்ட்டும் இந்தச் சோதனையும் சி++11 இலிருந்து உண்டு. கடைசியில் "வி" போட்டு எழுதும் சுருக்க வடிவமும், செய்தி இல்லாமல் அசேர்ட் எழுதும் வசதியும் சி++17 இல் வந்தவை. பழைய கொம்பைலர் என்றால் "வி" இல்லாமல் எழுதி இறுதியில் வெல்யூ என்பதை எடுக்க வேண்டும், மேற்கோளுக்குள் ஒரு செய்தியும் கொடுக்க வேண்டும்.

"இந்த வரிகளால புரோகிராம் மெதுவாகுமா?"

இல்லை. கொம்பைல் முடிந்ததும் அவை மறைந்துவிடும். ஓடும் கோப்பில் ஒரு பைட்கூட அதிகமாகாது.

"கொப்பி பண்ண ஏலாததக் கொப்பி பண்ணினா கொம்பைலர் எப்படியும் பிழை காட்டும். பிறகேன் தனியா ஒரு சோதனை?"

காட்டும், ஆனால் எங்கே காட்டும் என்பதுதான் பிரச்சினை. நீங்கள் வகுப்பை எழுதிய கோப்பில் காட்டாது. அதை யாரோ ஒரு வெக்டரில் (நூலகத்தின் வளரும் பட்டியல்) போட்ட இடத்திலிருந்து நூலகத்தின் உள்ளே நாலைந்து டெம்ப்ளேட் (எந்த டைப்புக்கும் பொருந்தும்படி எழுதிய அச்சு) தாண்டிப் போய்க் காட்டும். பிழைச்செய்தி பக்கம் பக்கமாக ஓடும், அதில் உங்கள் கோப்பின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அசேர்ட் இருந்தால் வகுப்புக்கு நேர் கீழேயே "இந்த நிபந்தனை பொய்த்துவிட்டது" என்று ஒரே வரியில் வரும்.

எனக்கு இதைவிட முக்கியமான காரணம் எதிர்த்திசையில் இருக்கிறது. கொப்பி பண்ணக் கூடாத டைப் தவறுதலாகக் கொப்பி பண்ணக்கூடியதாக மாறிவிட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. எல்லாம் ஒழுங்காகக் கொம்பைல் ஆகும். படகு கரையை விட்டுப் போன பிறகுதான் தெரியும். ஆச்சரியக்குறி போட்ட அந்த இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

"ட்ரெய்ட் ஓம் எண்டு சொல்லிச்சு. ஆனா ஓடும்போது போர்ட் இடையில மூடுப்படுது. கொம்பைலர் பொய் சொல்லுதா?"

பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியும் அது பதில் சொன்ன கேள்வியும் வேறு. "கொப்பி பண்ண ஒரு கொன்ஸ்ட்ரக்டர் இருக்கிறதா?" என்பதுதான் ட்ரெய்ட்டுக்குப் புரிந்த கேள்வி. "கொப்பி பண்ணுவது சரியா?" என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதை வகுப்பை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

நடந்ததைப் படிப்படியாகப் பார்ப்போம். லினக்ஸில் போர்ட்டைத் திறந்தால் ஃபைல் டிஸ்க்ரிப்டர் என்று ஒரு முழு எண் கிடைக்கும். 0, 1, 2 ஆகியவை ஏற்கெனவே பிடிபட்டிருப்பதால் பெரும்பாலும் 3. ஜீபிஎஸ்போர்ட் வகுப்பில் அந்த 3 ஒரு சாதாரண இன்ட். டிஸ்ட்ரக்டரில், அதாவது பொருள் அழியும்போது ஓடும் பகுதியில், அதை மூடுகிறீர்கள். கொப்பி பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆகவே கொம்பைலர் தானாக ஒன்றை எழுதித் தந்தது: இன்ட்டை அப்படியே எடுத்து எழுதுவது. இப்போது "தலைப்பு வரியைக் காட்டு" என்ற சார்புக்குப் போர்ட்டை மதிப்பாகக் கொடுக்கிறீர்கள், கொப்பி எடுக்காமல் அதே பொருளைக் காட்டும் சுட்டு அடையாளம் (ரெஃபரன்ஸ்) விடுபட்டுப்போய்விட்டது. உள்ளே இரண்டாவது ஜீபிஎஸ்போர்ட் பிறக்கிறது, அதனிடமும் 3. சார்பு முடிந்ததும் அதன் டிஸ்ட்ரக்டர் 3 ஐ மூடுகிறது. வெளியே இருக்கும் முதல் பொருளுக்கு இது தெரியாது. அடுத்த வாசிப்பில் -1 வருகிறது, பிழை இலக்கம் 9: தவறான டிஸ்க்ரிப்டர்.

இது நல்ல முடிவு, ஏனென்றால் பிழையாவது தெரிகிறது. மோசமானது வேறொன்று. 3 மூடப்பட்ட பிறகு நீங்கள் பதிவுக் கோப்பைத் திறந்தால் லினக்ஸ் மிகச் சிறிய வெற்று எண்ணைக் கொடுக்கும், அதாவது மறுபடி 3. இப்போது முதல் ஜீபிஎஸ்போர்ட் போர்ட்டிலிருந்து வாசிப்பதாக நினைத்துக்கொண்டு பதிவுக் கோப்பில் கை வைக்கும். முடியும்போது அந்தக் கோப்பையும் மூடிவிடும். ஜீபிஎஸ் பகுதியில் உள்ள பிழை, பதிவு எழுதும் பகுதியில் வெளிப்படும். இதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

மருந்து சின்னது. கொப்பி கொன்ஸ்ட்ரக்டருக்கும் கொப்பி அசைன்மென்ட்டுக்கும் சமக்குறி போட்டு டிலீட் என்று எழுதுங்கள். மூவ் தேவை என்றால் எண்ணை எடுத்துக்கொண்டு பழைய பொருளில் -1 ஐ வையுங்கள், டிஸ்ட்ரக்டர் -1 ஐ மூடாமல் விடட்டும். பிறகு அந்த ஆச்சரியக்குறி அசேர்ட். இப்போது சுட்டு அடையாளம் விடுபட்ட சார்பை அழைத்தாலே கொம்பைல் ஆகாது.

"டிலீட் எழுதாம மூவ் கொன்ஸ்ட்ரக்டர மட்டும் எழுதினாலும் கொப்பி போயிரும் எண்டு படிச்சேன். சரியா?"

சரி. மூவ் கொன்ஸ்ட்ரக்டரையோ மூவ் அசைன்மென்ட்டையோ நீங்கள் அறிவித்தால், கொம்பைலர் தரும் கொப்பி இரண்டும் டிலீட் ஆகிவிடும். ஆனால் டிஸ்ட்ரக்டரை மட்டும் எழுதினால் அப்படி நடக்காது. கொப்பி வந்துகொண்டே இருக்கும். அது விரும்பத்தகாதது என்று சி++11 லேயே சொல்லிவிட்டார்கள், ஆனால் பழைய செய்நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் எடுக்கவில்லை. மேலே ஜீபிஎஸ்போர்ட் மாட்டிக்கொண்டது இந்த ஓட்டையில்தான். எப்படியிருந்தாலும் டிலீட் வரிகளை வெளிப்படையாக எழுதுவதே எனக்குப் பிடிக்கும். அடுத்தாள் வாசிக்கும்போது விதிகளை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியதில்லை.

பழைய புத்தகங்களில் கொப்பி கொன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட்டில் அறிவித்துவிட்டு உடல் எழுதாமல் விடும் முறையைப் பார்ப்பீர்கள். 2011 க்கு முன் அதுதான் வழி. வகுப்புக்கு உள்ளிருந்தே கொப்பி பண்ணினால் பிழை லிங்க் நேரத்தில்தான் தெரியும். இப்போது அதற்குத் தேவையில்லை.

"கொப்பிக்கு டிஃபோல்ட் எண்டு எழுதினா கட்டாயம் கொப்பி வரும் தானே?"

வராமலும் போகலாம். உறுப்பில் ஒரு யுனிக் பொயின்டர் இருந்தால், நீங்கள் டிஃபோல்ட் என்று எழுதியது சத்தமில்லாமல் டிலீட் ஆகிவிடும். அது பிழையாகக் கணக்கில் வராது. கிளாங் கொம்பைலர் எச்சரிக்கை தரும், எச்சரிக்கைகளை வாசிக்கிற பழக்கம் இருந்தால் கண்ணில் படும். ஆகவே கொப்பி வேண்டும் என்று நினைக்கும் டைப்புக்கும் அசேர்ட் எழுதுங்கள், ஆச்சரியக்குறி இல்லாமல்.

"அசேர்ட்டக் கிளாஸுக்குள்ளயே போட்டேன். டைப் முழுமையில்லை எண்டு பிழை வருது."

மூடும் அடைப்புக்குறி வரும்வரை அந்த வகுப்பு கொம்பைலருக்கு அரைகுறைதான். அரைகுறை டைப்பிடம் இந்தச் சோதனையைக் கேட்கக் கூடாது என்பது விதி. அசேர்ட்டை அடைப்புக்குறிக்குக் கீழே வையுங்கள். உள்ளேதான் இருக்க வேண்டும் என்றால் டிஸ்ட்ரக்டரின் உடலுக்குள் எழுதலாம், அங்கே வகுப்பு முழுமையடைந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். டெம்ப்ளேட் வகுப்பு என்றால் ஒன்று கவனம்: அந்த உடல் எங்காவது பயன்பட்டால்தான் சோதனையும் நடக்கும்.

"கொப்பி கொன்ஸ்ட்ரக்டிபிள், கொப்பி அசைனபிள், கொப்பியபிள், ட்ரிவியலி கொப்பியபிள்... தலை சுத்துது. எது எதுக்கு?"

முதல் இரண்டும் மேலே சொன்ன இரண்டு வேலைகள். வழக்கமாகச் சேர்ந்தே இருக்கும், ஆனால் பிரியவும் செய்யும். படகுப் பதிவிலக்கம் மாறவே கூடாது என்று அதைக் கொன்ஸ்ட் உறுப்பாக வைத்தீர்கள் என்று வையுங்கள். புதிய பொருளாகக் கொப்பி எடுக்கலாம், இருக்கிற பொருளின் மேல் எழுத முடியாது. முதல் சோதனை ஓம், இரண்டாவது இல்லை. வெளியே உள்ள எதையாவது பிடித்து வைத்திருக்கும் லாம்டாக்களும் (பெயரில்லாச் சார்புகள்) இதே ரகம்.

கொப்பியபிள் என்பது சி++20 இல் வந்த கொன்செப்ட், அதாவது டைப்புக்கு விதிக்கும் நிபந்தனை. கொப்பி, மூவ், இரண்டின் அசைன்மென்ட், எல்லாம் இருந்தால்தான் ஓம் சொல்லும். புதிதாக எழுதுகிறீர்கள், "சாதாரண மதிப்பு போல நடக்கும் டைப் வேண்டும்" என்றுதான் உங்கள் எண்ணம் என்றால் இதையே பயன்படுத்துங்கள். கொன்ஸ்ட் உறுப்பு இருக்கும் டைப் இதில் தோற்கும்.

ட்ரிவியலி கொப்பியபிள் வேறு கேள்வி: பைட்டுகளை மெம்கொப்பியால் அப்படியே தூக்கி வைத்தால் போதுமா? இடம் என்ற டைப்புக்கு ஓம். வழக்கமான கணினிகளில் 16 பைட், அவ்வளவுதான். ஸ்ட்ரிங் ஒன்று சேர்ந்துவிட்டால் இல்லை. கோப்பில் பைட்டாக எழுதும் சார்புகளுக்கு இந்த அசேர்ட் கட்டாயம் வேண்டும். ஆனால் உள்ளே வெறும் பொயின்டர் இருக்கும் டைப்பும் இதில் ஓம் சொல்லும். அதைக் கோப்பில் எழுதினால் முகவரிதான் எழுதப்படும், நாளைக்கு வாசிக்கும்போது அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது. ட்ரெய்ட்டுக்குப் புரிந்த கேள்வி பற்றி முன்பு சொன்னது இங்கேயும் பொருந்தும்.

"மூன்று இன்ட் கொண்ட அணிக்குச் சோதிச்சா கொப்பி ஏலாது எண்டு வருது. ஆனா ட்ரிவியலி கொப்பியபிள் ஓம். எப்படி?"

சி மொழியிலிருந்து வந்த அணியை இன்னொரு அணியிலிருந்து நேரடியாக உருவாக்க முடியாது, அதனால் முதல் பதில் இல்லை. பைட்டாகத் தூக்கி வைக்கலாம், அதனால் இரண்டாவது ஓம். எஸ்டிடி அரே எடுத்தால் இரண்டும் ஓம்.

"லாம்டாவ எஸ்டிடி ஃபங்ஷனுக்குள்ள போட்டேன், கொப்பி பற்றிப் பிழை. நான் எங்கயும் கொப்பி பண்ணேல்ல!"

நீங்கள் பண்ணவில்லை, ஆனால் எஸ்டிடி ஃபங்ஷனைக் கொப்பி பண்ண முடியும் என்று அதன் ஒப்பந்தம் சொல்கிறது. உள்ளே இருப்பதையும் கொப்பி பண்ண முடிந்தால்தான் அதைக் காப்பாற்ற முடியும். உங்கள் லாம்டா யுனிக் பொயின்டரையோ ஜீபிஎஸ்போர்ட்டையோ மூவ் பண்ணிப் பிடித்திருக்கிறது, ஆகவே அதற்குக் கொப்பி இல்லை. சி++23 இருந்தால் மூவ் ஒன்லி ஃபங்ஷன் இதற்காகவே வந்தது. இல்லையென்றால் சார்பை டெம்ப்ளேட்டாக்கி லாம்டாவை நேரே வாங்குங்கள். ஷேர்ட் பொயின்டரில் பொதிந்து கொடுத்தும் தப்பலாம், ஆனால் அப்போது ஒரே போர்ட்டுக்கு இரண்டு பேர் உரிமையாளர்களாகி விடுகிறார்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

"அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்குக் கொப்பி கொன்ஸ்ட்ரக்டர் இருக்கு. ஆனா ட்ரெய்ட் இல்லை எண்டு சொல்லுது."

அந்தச் சோதனை உண்மையில் கேட்பது: "இதே டைப்பின் கொன்ஸ்ட் சுட்டைக் கொடுத்து இந்த டைப்பில் ஒரு பொருளை உருவாக்கி, பிறகு அழிக்கவும் முடியுமா?" பதிவு என்ற அப்ஸ்ட்ராக்ட் வகுப்பில் பொருளே உருவாக்க முடியாது, ஆகவே இல்லை. டிஸ்ட்ரக்டர் பிரைவேட்டாகவோ ப்ரொடெக்டடாகவோ இருந்தாலும் இல்லைதான். அதை வைத்து, "பதிவிலிருந்து வரும் வகுப்புகளும் கொப்பி ஆகாது" என்று முடிவெடுக்காதீர்கள். இடப்பதிவு, மீன்பதிவு இரண்டும் தாராளமாகக் கொப்பி ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அசேர்ட் எழுத வேண்டும்.

கொன்ஸ்ட் என்ற சொல்லையும் கவனியுங்கள். கொப்பி கொன்ஸ்ட்ரக்டரைக் கொன்ஸ்ட் இல்லாத சுட்டு வாங்கும்படி எழுதினால் பதில் இல்லை என்றே வரும். பழைய ஓட்டோ பொயின்டர் அப்படித்தான் இருந்தது. கொப்பி எடுத்தால் மூலத்தையே வெறுமையாக்கிவிடும். சி++11 இல் அதைக் கைவிடச் சொல்லி, சி++17 இல் தரத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

"பயணத்தில யுனிக் பொயின்டர்களின்ர வெக்டர் இருக்கு. ட்ரெய்ட் ஓம் எண்டு சொல்லுது, கொப்பி பண்ணினா கொம்பைல் ஆகுதில்லை. இப்பவாவது பொய் எண்டு ஒத்துக்கொள்ளுங்க அக்கா."

தொகுக்கத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான் என்றும் சொல்லலாம். பதிவுகள் பல வகை என்பதால் பயணத்துக்குள் பதிவுக்கான யுனிக் பொயின்டர்களின் வெக்டர் ஒன்று இருக்கிறது. யுனிக் பொயின்டரைச் சோதித்தால் கொப்பி இல்லை. அதன் வெக்டரைச் சோதித்தால் ஓம்! பயணத்தைச் சோதித்தாலும் ஓம்.

காரணம் இது. ட்ரெய்ட் கொன்ஸ்ட்ரக்டரின் அறிவிப்பை மட்டும் பார்க்கிறது, உடலுக்குள் போவதில்லை. வெக்டரின் கொப்பி கொன்ஸ்ட்ரக்டர் உள்ளே என்ன டைப் இருந்தாலும் நிபந்தனை இல்லாமல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உடலில்தான் ஒவ்வோர் உறுப்பையும் கொப்பி பண்ணும் வரிகள் இருக்கின்றன, டெம்ப்ளேட் என்பதால் யாராவது கொப்பி பண்ணும்போதுதான் அந்த உடல் உருவாகும். அறிவிப்பு இருக்கிறது, ஆகவே ஓம். பயணத்துக்குக் கொம்பைலர் தரும் கொப்பியும் உறுப்பின் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவாகிறது, அதனால் அந்த ஓம் மேலே ஏறிக்கொண்டே போகும். கொப்பியபிள் கொன்செப்ட்டும் இதே பதிலைத்தான் தரும்.

ஏன் இதைத் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். ஒரு வகுப்பு தன் டைப்பின் வெக்டரையே உறுப்பாக வைத்திருக்கலாம், மரம் போன்ற அமைப்புகளில் இது சாதாரணம். அந்த நேரத்தில் வகுப்பு அரைகுறை. "உள்ளே இருப்பது கொப்பி ஆகுமா" என்று வெக்டர் கேட்டால் அசேர்ட்டைக் கிளாஸுக்குள் போட்டபோது வந்த அதே சிக்கல் வரும். வெக்டர், லிஸ்ட், ஃபோர்வேட் லிஸ்ட் மூன்றிலும் அரைகுறை டைப்பை அனுமதிக்க வேண்டும் என்று சி++17 எழுதியே வைத்திருக்கிறது. லிஸ்ட், டெக், மெப் எல்லாம் வெக்டரைப் போலவே ஓம் சொல்லும். பெயார் (இரண்டு மதிப்புகளின் சோடி), டியூப்பிள், ஒப்ஷனல், வேரியன்ட், அரே ஆகியவை சரியான பதிலைத் தரும்.

"அப்ப வெக்டருக்குள்ளயும் எட்டிப் பார்க்கிற சோதனைய நாங்களே எழுத ஏலாதா?"

எழுதலாம். சொந்தமாக ஒரு ட்ரெய்ட் எழுதி, பொதுவான டைப்புக்கு நூலகச் சோதனையையே திருப்பிக் கொடுத்து, வெக்டருக்கு மட்டும் தனி வடிவத்தில் உள்ளே இருக்கும் டைப்பைக் கேட்கும்படி செய்யலாம். வெக்டருக்குள் வெக்டர் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் பயணம் போன்ற வகுப்பின் உறுப்புகளுக்குள் அது போகாது. அங்கே மறுபடி ஓம் என்றுதான் வரும். அதனால் எங்கள் செயற்றிட்டத்தில் இந்த ட்ரெய்ட்டை வைக்கவில்லை.

நான் சொல்வது இரண்டு. கொப்பி கூடாது என்றால் பயணத்திலேயே கொப்பி இரண்டையும் டிலீட் என்று எழுதி, மூவ் இரண்டையும் டிஃபோல்ட் என்று எழுதுங்கள். அறிவிப்பு உண்மையாகிவிட்டால் சோதனையும் உண்மை சொல்லும். கொப்பி உண்மையிலேயே முடிய வேண்டும் என்றால், கொன்ஸ்ட் சுட்டை வாங்கி ஒரு கொப்பியைத் திருப்பித் தரும் சின்னச் சார்பொன்றை, டெம்ப்ளேட் இல்லாமல், சோதனைக் கோப்பில் எழுதி வையுங்கள். யாரும் அழைக்க வேண்டாம். அதைக் கொம்பைல் பண்ணும்போது வெக்டரின் உடல் உருவாகியே ஆக வேண்டும், முடியாது என்றால் அங்கேயே பிழை வரும்.

"கொப்பி ஏலுமெண்டா ஒரு வழி, ஏலாட்டி வேற வழி எண்டு ஒரே சார்புக்குள்ள எழுதலாமா?"

இஃப் கொன்ஸ்ட்எக்ஸ்பர் போட்டு எழுதலாம், சி++17 இலிருந்து உண்டு. சார்பு டெம்ப்ளேட்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் தேவையில்லாத கிளை உருவாகாது. சி++20 என்றால் ரிக்குவயர்ஸ் போட்டு இரண்டு சார்புகளாகப் பிரிப்பது வாசிக்க இலகு. வெக்டர் விவகாரம் இங்கேயும் துரத்தும்: பயணத்தில் டிலீட் எழுதாமல் விட்டால் கொப்பிக் கிளைக்குள் போய் முட்டும்.

"ரஸ்ட்டில இந்தத் தலையிடி ஒண்டும் இல்லையாமே?"

இந்தத் தலையிடி இல்லை என்பது உண்மை. அங்கே மூவ்தான் வழக்கம், கொப்பி வேண்டும் என்றால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கொப்பி ட்ரெய்ட்டைப் போட எல்லா உறுப்புகளுக்கும் அது இருக்க வேண்டும், ட்ரொப் எழுதிய டைப்புக்குப் போடவே முடியாது. ஆகவே மேலே சொன்ன ஜீபிஎஸ்போர்ட் பிழையைக் கொம்பைலர் அப்போதே தடுத்துவிடும். வெக்டரின் குளோன்கூட உள்ளே இருக்கும் டைப்புக்குக் குளோன் இருந்தால்தான் கிடைக்கும். ஜாவாவில் நிலைமை மறுபக்கம்: குளோனபிள் இல்லாத பொருளில் ஒப்ஜெக்ட் வகுப்பின் குளோனை அழைத்தால் ஓடும்போதுதான் எக்ஸெப்ஷன் வரும்.

"வளாக லினக்ஸில கொம்பைல் ஆகுது, வீட்டில விஷுவல் ஸ்டூடியோவில ஆகுதில்லை. பயணங்கள வெக்டரில போட்டதுதான், கொப்பி பண்ணவே இல்லை!"

அண்மையில் பதிவுகளை வெக்டரிலிருந்து லிஸ்ட்டுக்கு மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கொண்டுவருகிறவர்களின் செய்நிரலில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

வெக்டர் நிரம்பியதும் பெரிய இடம் எடுத்து உறுப்புகளை அங்கே மாற்ற வேண்டும். மூவ் பண்ணும்போது எக்ஸெப்ஷன் வராது என்று நோஎக்ஸெப்ட் உறுதி இருந்தால் மூவ். அந்த உறுதி இல்லை, ஆனால் கொப்பி முடியும் என்று ட்ரெய்ட் சொன்னால் கொப்பி. கொப்பியும் இல்லை என்றால் வேறு வழியின்றி மூவ். லிஸ்ட்டின் மூவ் கொன்ஸ்ட்ரக்டருக்கு நோஎக்ஸெப்ட் வேண்டும் என்று தரம் கட்டாயப்படுத்தவில்லை. வளாகத்தில் இருக்கும் ஜிசிசி கொம்பைலரின் நூலகம் அதைத் தருகிறது, மைக்ரோசொஃப்டின் நூலகம் தருவதில்லை, ஏனென்றால் அங்கே மூவ் பண்ணிய பிறகும் லிஸ்ட்டுக்கு ஒரு காவல் கணு ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விண்டோஸில் வெக்டர் இரண்டாவது கேள்விக்குப் போகிறது. அங்கே பயணத்தின் பொய்யான ஓம் காத்திருக்கிறது. கொப்பியைத் தேர்ந்தெடுத்து, யுனிக் பொயின்டரில் போய் முட்டி, நூலகத்துக்குள் எங்கோ பிழை காட்டுகிறது.

பயணத்தில் கொப்பி இரண்டையும் டிலீட், மூவ் இரண்டையும் டிஃபோல்ட் என்று எழுதினால் வெக்டர் மூன்றாவது வழிக்கு வந்துவிடும், இரண்டு இயந்திரங்களிலும் கொம்பைல் ஆகும். அதற்கு ஒரு விலை உண்டு. விண்டோஸில் மாற்றும்போது நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால் வெக்டர் பழைய நிலையில் இருக்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். மொத்தம் எத்தனை பயணங்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால் ரிசேர்வ் பண்ணி இடத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ரிசேர்வ் அழைத்தாலும் கொம்பைலருக்கு இந்த வழிகள் எல்லாம் கொம்பைல் ஆகத்தான் வேண்டும், ஆகவே டிலீட் வரிகளை எடுத்துவிட வேண்டாம்.